செடிக்குள் குடியிருக்கும் பூஞ்சை

2018இல் இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் தென்பட்ட படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளிலும் இறங்கியது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மானாவாரிக்கும் அதுவே இன்று பெரிய எதிரி. குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு தின்னும் புழுவின் மேல் மருந்து படுவதே அரிது. செடிக்குள்ளேயே தங்கும் பூஞ்சைமீது எனக்கு நம்பிக்கை பிறப்பது இதனால்தான்.

பியூவேரியா பேசியானா பூச்சியின் தோலைத் துளைத்துக் கொல்லும் பூஞ்சை. பட்டுப்புழு நோய்க்கு அதுவே காரணம் என்று 1835இல் அகோஸ்தினோ பாசி இத்தாலியில் நிறுவினார். மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் இதைத் தெளிக்கக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே பூஞ்சை மக்காச்சோளத் தண்டுக்குள் நோய் தராமல் வாழ்ந்து, தண்டுத் துளைப்பானின் சேதத்தைக் குறைப்பதை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவாவில் கண்டார்கள். படைப்புழுவுக்குப் பியூவேரியா விதை நேர்த்தியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது.

தெளிப்பாகப் பார்த்தால் இதன் பலவீனம் வெளிப்படை. வெயிலின் புற ஊதாக் கதிர் பூஞ்சையின் வித்துகளை அழிக்கிறது. முளைக்க ஈரம் வேண்டும். புழு சாகப் பல நாள் ஆகிறது. வடகிழக்குப் பருவமழையில் வளரும் புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளத்தில் பலன் எதிர்பார்க்கலாம். மாசிப் பட்டப் பருத்தியில், பங்குனி வெயிலில், தெளித்த காசு வீண். தண்டுக்குள் புகுந்துவிட்ட பூஞ்சையை வெயில் தொடாது. ஆனால் எல்லா ரகத்திலும் அது ஒன்றுபோலக் குடியேறுவதில்லை, சில வாரங்களில் மறைந்தும்விடுகிறது.

நியூசிலாந்தின் மேய்ச்சல் புல்லான ரை புல்லில் இம்முறையின் உச்ச வெற்றியும் கசப்பும் சேர்ந்தே இருக்கின்றன. புல்லுக்குள் வாழும் பூஞ்சை தண்டு கூன்வண்டை அண்டவிடவில்லை. ஆனால் மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுந்தன. அந்தப் பூஞ்சைதான் காரணம் என்பது 1981இல் தெளிவானது. பிறகு ஆடுகளைத் தள்ளாடவைக்கும் நஞ்சைச் சுரக்காத பூஞ்சை வகையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பினார்கள். பியூவேரியா வேறு இனம், அதன்மேல் அப்படியொரு பழி இல்லை. இருந்தாலும் மக்காச்சோளத் தட்டை மாட்டுக்குப் போகும் ஊரில், செடிக்குள் எதைக் குடிவைத்தாலும் தீவனத்தையும் சோதித்தாக வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது விதைதான். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி பூசிச் சாயம் ஏறியே வருகிறது. அதன்மேல் பியூவேரியாவைக் கலக்கச் சொல்வது, கொல்லியின் மடியிலேயே அதைப் படுக்கவைப்பது. மருந்து பூசாத விதையைக் கேட்டு வாங்க வழி செய்யாமல் பரிந்துரையை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், பலன் கிடைக்காத பழி நுண்ணுயிர்மேல் விழும். வெக்கையில் அடுக்கிய பாக்கெட்டில் உயிருள்ள வித்து எவ்வளவு மிச்சம் என்பதையும் விவசாயி கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சோதித்துச் சொல்வது அரசின் வேலை.

பருத்தியின் தண்டு கூன்வண்டும் தண்டுக்குள் ஒளிந்து தின்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்து பூசாத விதையில், மாசிப் பட்டத்தில், அங்கேயே பியூவேரியா விதை நேர்த்தியைச் சோதித்துப் பார்க்கலாம்.