இரணைமடுவும் நமது ஆராய்ச்சியாளரும்

ஒரு குளத்தின் நீரை அளப்பதற்கு அளவுகோல் உண்டு. அந்நீரின்மீது யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அளப்பதற்கு எந்த அளவுகோலை எடுப்பது? நிலப்பிணக்கையும் சுற்றுச்சூழல் ஆளுகையையும் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆராய்ச்சிகளை நோக்கும்போது நம் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி இதுவே. இதனை இரணைமடுவை முன்னிறுத்தி ஆராய்வது பொருத்தமாகும். வன்னியின் மிகப் பெரிய குளமாகிய இரணைமடுவின் அயலிலே, கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. குளமும் கல்விக்கூடமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறெங்கே கிடைக்கும்?

வன்னியின் நிலத்தையும் நீரையும் பற்றியும், அதனை உள்ளடக்கிய உலர் வலயத்தைப் பற்றியும் எழுந்த நூல்கள் குறைவல்ல. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலொன்றை வெளியிட்டார். 1930களில் ஆர். எல். புரோகியர் இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன வேலைகளைத் தொகுத்துத் தந்தார். 1957இல் கேம்பிரிட்ஜ் புவியியலறிஞர் பி. எச். பாமர் உலர் வலயக் குடியேற்றங்களைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். 1961இல் வெளிவந்த எட்மண்ட் லீச்சின் நூல், அநுராதபுரப் பகுதியிலுள்ள புல் எலிய என்னும் சிறு கிராமத்தைப் பற்றியது. 1969இல் நம்மவரான பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இலங்கையின் நீர்வளங்களை நூலாக்கினார்.

இவற்றின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உறவுமுறை என்று மானிடவியலார் போற்றி வந்தது காணியையும் நீரையும் விட்டுத் தனித்து நிற்பதன்று என்று லீச் காட்டியது பெரிய காரியமே. ஆயினும் இந்நூல்கள் யாவற்றுக்கும் பொதுவானதோர் இயல்பு உண்டு. அவை எவருடைய வயலைப் பற்றிப் பேசுகின்றனவோ அவருடைய மொழியில் எழுதப்படவில்லை. லூயிசைப் பொறுத்தவரை இதில் வியப்பில்லை. ஆள்வதற்காக நாட்டை அறிந்துகொண்ட ஆட்சியின் அதிகாரி அவர். அந்த ஆட்சி 1948இல் முடிந்தது. அதன் நோக்குநிலை நமது ஆய்வேடுகளிலிருந்து முற்றாக அகன்றுவிட்டதா என்பதே நாம் எழுப்பும் ஐயம்.

இரணைமடுவின் வரலாற்றை இங்கே சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய குளத்து வேலை 1920 அளவில் நிறைவெய்தியது. காடு வெட்டிக் கழனியாக்கிய உழைப்பாளிகள் 1930களிலிருந்து குடியேற்றங்களிலே குடியமர்ந்தனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் தந்தது, உறுதி தரவில்லை. அனுமதி பெற்றவர் உயிலோ நியமனமோ இன்றி இறந்தால் காணி மூத்த ஆண்மகனைச் சேரும் என்ற வழியுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. பின்னர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகளால் விரட்டப்பட்ட மலையகத் தமிழர் இம்மண்ணை வந்தடைந்தனர். அவர்களுட் பலர் பிறர் வயல்களிற் கூலிகளாயினர். ஆகவே இரணைமடுக் கமக்காரர் என்ற ஒரே சொல்லுக்குள் பத்திரமுடையவர், குத்தகைக்குச் செய்பவர், நிலமற்ற கூலியாள், கணவனைப் போரில் இழந்து காணி தன் பெயரில் இல்லாத பெண் எனப் பல்வேறு நிலையினர் அடங்குகின்றனர்.

இப்போது பிணக்குக்கு வருவோம். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் அங்கீகாரம் பெற்றது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் நீரைக் குடிநீராக எடுப்பது அதன் நோக்கம். கமக்காரர் எதிர்த்தனர். உடனே இது யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையிலான சண்டை என்று பேசப்பட்டது. ஒரு பகுதிக்கு நீர் மிகுதி, மறுபகுதிக்குத் தாகம், இடையிலே விளங்காத விவசாயியின் பிடிவாதம். அவனுக்கு வேண்டியது விழிப்புணர்வு என்ற முடிவு எவ்வளவு இலகுவானது!

கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் எனின் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 98 இலட்சம் கனமீற்றர். அணை உயர்த்தப்படுவதற்கு முன் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 13 கோடி கனமீற்றர். ஆக, கேட்கப்பட்டது நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. இந்தச் சிறு பங்கைக் கொடுக்க மனமில்லையா என்று கேட்பது எளிது. ஆனால் குளம் எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. அதே 98 இலட்சம் கனமீற்றர் ஏறக்குறைய 8,000 ஏக்கர்-அடி நீராகும். ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு நான்கு ஏக்கர்-அடி வேண்டும் என்று கொண்டாலும் அது 2,000 ஏக்கர் சிறுபோகம். மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகம் முதலில் எவருடைய வயலிற் சுருங்கும்? வாய்க்காலின் தலைப்பில் உள்ளவரின் வயலிலா, கடைசியில் உள்ளவரின் வயலிலா? கூலியாளுக்கு அந்த ஆண்டில் எத்தனை நாள் வேலை? சராசரி என்ற எண்ணுக்குள் இக்கேள்விகள் யாவும் மூழ்கிப் போகின்றன. சராசரி நிறைந்த குளத்தைக் காட்டும்; வறண்ட ஆண்டின் கடைவாய்க்காலைக் காட்டாது.

இதனால் யாழ்ப்பாணத்து மக்களின் தாகம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரையே நம்பிய குடாநாட்டிலே உவர் ஏறுவதையும் உரத்தின் நைத்திரேற்று கிணறுகளிற் கலப்பதையும் யார் மறுப்பர்? சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெயால் கிணறுகள் மாசடைந்த வழக்கில் 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. அங்கே நீரைக் கெடுத்தது இலாபம். குடித்தவர் ஏழை மக்கள். கடைவாய்க்கால் உழவனும் உவர்க்கிணற்றுக் குடும்பமும் ஒருவர்க்கொருவர் பகைவராக நிறுத்தப்பட்டபோது, இருவரையும் அந்நிலைக்குத் தள்ளிய காரணங்கள் விசாரணைக்கு வெளியே நின்றன. மாற்று வழிகள் இல்லாமலும் இல்லை. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொண்டுசெல்லும் ஆறுமுகத்தின் திட்டம் குளத்திலிருந்து பறிப்பதன்று. கடலை நோக்கி ஓடுவதை மறிப்பது. அது முற்றுப்பெறவேயில்லை. இறுதியில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கும் கடற்றொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். பிணக்கு தீரவில்லை, வயலிலிருந்து கரைக்கு இடம்பெயர்ந்தது.

இங்கேதான் ‘ஆளுகை’ என்ற சொல்லை நாம் உரசிப் பார்க்க வேண்டும். ஆட்சி என்றால் ஆள்பவர் யார் என்ற கேள்வி எழும். ஆளுகை என்னும்போது அக்கேள்வி மெல்ல மறைகிறது. திணைக்களம், வங்கி, படை, கமக்காரர் எல்லோரும் ‘பங்காளர்’ என்ற ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். இரணைமடுவின் கிழக்கே விமான ஓடுபாதையை வைத்திருக்கும் படையும், இரண்டு ஏக்கர் வயலுக்குப் பத்திரம் தேடி அலையும் கைம்பெண்ணும் எவ்வாறு ஒத்த பங்காளராவர்? 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுள் உரிமை நிறுவுமாறு மக்களைக் கேட்டது. தவறினால் அது அரசினுடையதாகும். போரில் பத்திரங்களை இழந்து பன்முறை இடம்பெயர்ந்த மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது! அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை இத்தகைய ஒரு தாள் காட்டிவிடுகிறது.

பொதுச்சொத்து அனைவரது பேராசையாலும் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அதனை மறுத்து, மக்கள் தாமே விதிவகுத்துப் பொதுவளங்களைக் காக்க வல்லவர் என்று 1990இல் எலினோர் ஒஸ்ட்ரம் நிறுவினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் ஆராய்ந்தவற்றுள் இலங்கையின் கிரிந்தி ஓயா, கல் ஓயாப் பாசனங்களும் உண்டு. ஹார்டினைவிட ஒஸ்ட்ரம் மக்களுக்கு நெருங்கியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் விதி வகுக்கும் கூட்டத்துக்குள்ளே நுழைய முடியாதவர் எவர் என்பதை நாமே கேட்டாக வேண்டும். எத்தனை ஏக்கரிற் சிறுபோகம் என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் காணியுடையவரின் குரல் ஒலிக்கும். நாற்று நடும் பெண்ணின் குரல் எங்கே ஒலிக்கும்?

வியப்பென்னவென்றால், ஆராய்ச்சி கேட்கத் தயங்கிய கேள்விகளை நமது இலக்கியம் முன்னரே கேட்டிருக்கிறது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வன்னிக் காட்டோர வாழ்வை உள்ளிருந்து காட்டியது. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ வன்னிக் கிராமத்து உழவரைச் சுரண்டுவோரை நேரடியாகவே இனங்காட்டியது. பின்னவர் புவியியல் கற்றவர். நிர்வாக அதிகாரியாகவும் இருந்தவர். அறிக்கையில் எழுத முடியாததை அத்தகைய ஒருவர் நாவலில் எழுத நேர்ந்தது எதனால்? இதனைச் சமூக விஞ்ஞானம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

மாணவர்மீது பழிபோடுவது நமது நோக்கமன்று. பட்டத்துக்கான காலம் குறுகியது, பயிற்றுமொழி ஆங்கிலம், பணம் தருபவர் கேள்வியையும் சேர்த்தே தருகிறார். ஆயினும் வேறு வழி சாத்தியமென்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1980களின் தொடக்கத்தில் கல் ஓயாவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தாரும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தாரும் இளம் பட்டதாரிகளை உழவரிடையே வாழ அனுப்பினர். வாய்க்கால்தோறும் உழவர் கூடினர். தலைப்பில் உள்ளவர் மிச்சப்படுத்திய நீர் கடைசி வயலை எட்டியது. அம்முயற்சிக்கும் குறைகள் உண்டு. ஆனால் ஆய்வாளன் கேட்டறிந்து போவதோடு நிற்காமல் உழவனுடன் இருந்து பதில் சொன்னான் என்ற ஒன்றுக்காகவே அது கற்கத் தக்கது.

ஆகவே நாம் கேட்பவை பெரியனவல்ல. இரணைமடுவைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஒரு தமிழ்ச் சுருக்கம் எழுதப்படட்டும். அது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். நீரின் கணக்கோடு காணியின் கணக்கும் சேர்க்கப்படட்டும்: யாரிடம் பத்திரம், யாரிடம் குத்தகை, யாரிடம் ஒன்றுமில்லை என்பது பதியப்படட்டும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் மூழ்கியபோது, வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றி மக்கள் கேட்ட கேள்விகள் நினைவிருக்கட்டும். தம் வீட்டை மூழ்கடிக்கக் கூடிய முடிவைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விளங்கும் மொழியில் பதில் தரும் கடமை கற்றவருக்கு உண்டு.

ஆய்வேடொன்றை மதிப்பிடப் பரீட்சகர் இருவர் போதும் என்று பல்கலைக்கழகம் கருதலாம். மூன்றாவது பரீட்சகர் ஒருவர் இருக்கிறார். அவர் கடைவாய்க்காலின் முடிவிலே, நீர் வருமா என்று பார்த்து நிற்கிறார். அவர் வாசித்து, ‘இது சரி, இது பிழை’ என்று சொல்லக்கூடிய நாளிலேயே நமது ஆராய்ச்சி மக்களின் ஆராய்ச்சியாகும்.