‘கருக்கு’ காட்டும் கல்லூரி: தனது இடம் என்னும் உணர்வு

திருவனந்தபுரத்தின் சாக்கைப் பகுதியில், கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில், ஆல் செயின்ட்ஸ் மகளிர் கல்லூரி 1964இல் கார்மேல் சபைத் துறவியரால் தொடங்கப்பெற்றது. எர்ணாகுளத்தில் புனித தெரேசா கல்லூரியை 1925இலேயே நிறுவியவர்களும் கார்மேல் மரபுத் துறவியரே. அக்கரையின் கத்தோலிக்கமோ கல்லூரியினும் மிகப் பழையது. திருவிதாங்கூர்க் கடலோர முக்குவர்க்குப் பிரான்சிஸ் சவேரியார் திருமுழுக்கு அளித்தது 1544இல். வழிவழி வந்த அந்நம்பிக்கையுடன் இத்தகைய கல்லூரி ஒன்றில் நுழையும் பெண்ணுக்குச் சமயத்தாலும் பாலினத்தாலும் அது தனது இடமாக அமையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பு முறியும் இடங்களைத் தமிழில் கூர்மையாகப் பதிவுசெய்த நூல் பாமாவின் ‘கருக்கு’ (1992). நூலின் களம் தமிழ்நாடாயினும் அது எழுப்பும் வினா மாநில எல்லைக்குள் அடங்குவதன்று.

‘கருக்கு’ பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் துறவற வாழ்வையும் அதிலிருந்து பாமா வெளியேறியதையுமே மையப்படுத்துகின்றன. கல்லூரிப் பகுதிகள் அதற்கு முன்னுரையாகவே கொள்ளப்படுகின்றன. இது பொருத்தமன்று. துறவி வீட்டைத் துறந்து வருபவர். மாணவி வீட்டை உடன்கொண்டு வருபவர். எனவே மாணவியின் உரிமையுணர்வு, வீடும் நிறுவனமும் சந்திக்கும் இடங்களிலேயே சோதிக்கப்படுகிறது. மலையாளத்தில் சிஸ்டர் ஜெஸ்மியின் ‘ஆமென்’ (2009), திருச்சூரில் கல்லூரி முதல்வராக இருந்தவரின் கூற்று. ஆள்வோர் வரிசைக்குள்ளிருந்து எழுவது. ‘கருக்’கின் மாணவியோ விண்ணப்பத்துடன் வாயிலில் நிற்பவர்.

கல்லூரிக்கு வந்த தொடக்கத்தில் கதைசொல்லிக்கு ஆறுதல் தருவது அறிமுகமின்மையே. பெருங்கூட்டத்தில் யார் எந்தச் சாதி என்பது எளிதில் தெரிவதில்லை. ஊரில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். ஆகவே, எவராலும் அறியப்படாதிருத்தலே முதல் உரிமையாகிறது. இதனை முழுமையான சேர்ந்திருத்தல் எனக் கொள்ளவியலாது. பின்னர் ஒருநாள் வகுப்பில் தாழ்த்தப்பட்ட மாணவியர் எழுந்து நிற்குமாறு ஆசிரியர் கேட்கிறார். அவர்களுக்கு மாலையில் தனிப்பயிற்சி அளிக்க அரசு ஏற்பாடு செய்துள்ளது என்கிறார். இருவர் எழுகின்றனர், வகுப்பில் ஏளனச் சலசலப்பு எழுகிறது. தனக்கு அப்பயிற்சியே வேண்டாம் என்று கூறிக் கதைசொல்லி அமர்ந்துவிடுகிறார். அறிவிப்பின் நோக்கம் உதவியே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதுவரை கூட்டம் தந்திருந்த மறைவை அது ஒரு நொடியில் நீக்கிவிடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை. சமயம் மாறினால் சாதி அகலும் என்னும் கருத்து அதனுள் உறைந்திருக்கிறது. ‘கருக்கு’ காட்டும் வகுப்பறை அக்கருத்தைப் பொய்யாக்குகிறது.

மூவகை நிகழ்வுகளுள் மிகுந்த கவனத்திற்குரியது விடுப்பு பற்றியது. தம்பி, தங்கையரின் புதுநன்மை விழாவிற்கு ஊர் செல்லக் கதைசொல்லி இசைவு கேட்கிறார். உங்கள் சாதியில் இதற்கென்ன கொண்டாட்டம் என்னும் பொருள்பட விடையளித்து விடுதிப் பொறுப்பாளர் மறுக்கிறார். வசதியுள்ள பிற மாணவியர்க்கு இதே காரணத்திற்காக விடுப்பு தரப்பட்டிருக்கிறது. இங்கு மறுக்கப்படுவது ஒரு பயணம் மட்டுமன்று. புதுநன்மை திருச்சபையின் அருட்சாதனம். அது ஒரு வீட்டில் விழாவாகவும் இன்னொரு வீட்டில் பொருளற்றதாகவும் கருதப்படுமாயின், நிறுவனம் தன் சமயத்தையே மறுக்கிறது. சாதிக்கொரு விதியா என வினவிக் கதைசொல்லி இசைவு பெறும் வரை விட்டுக்கொடுப்பதில்லை. இவ்வழக்காடல் வெளியாளின் குரலன்று. நிறுவனத்தின் விதி தனக்கும் உரியது என நம்புபவரின் குரல். திறனாய்வாளர் பலர் இப்பகுதியை இழிவின் பதிவாகவே படித்துச் செல்கின்றனர். உரிமை கோரலாகப் படிக்கும்போதுதான் இதன் வலிமை புலனாகும்.

கல்லூரி தந்த எழுத்துநடையை நூல் ஏற்கவில்லை என்பதும் இதனோடு இயைத்து நோக்கத்தக்கது. பட்டம் பெற்றவரின் கல்லூரி நினைவுகளும் ஊர்ப் பேச்சுமொழியிலேயே சொல்லப்படுகின்றன.

ஆயினும் வழக்காட இயலாத ஓரிடமும் நூலில் உண்டு. கல்லூரி இறுதியாண்டில் நடக்கும் விருந்தொன்றுக்கு உடுத்திச் செல்லத் தக்க புடவை கதைசொல்லியிடம் இல்லை. விருந்து முடியும் வரை குளியலறையில் ஒளிந்திருக்கிறார். வகுப்பறையில் ஆசிரியரும் விடுதியில் பொறுப்பாளரும் எதிரில் இருந்தனர். அவர்களிடம் மறுத்துப் பேச முடிந்தது. விருந்துக்கு வரவேண்டாம் என அவரை எவரும் தடுக்கவில்லை. காரணம் கேட்பதற்கு எதிரே ஆளில்லை, மீறுவதற்கு விதியுமில்லை. பிற மாணவியர் உடுத்தியிருந்த புடவைகள் மட்டுமே இருந்தன.