இரண்டு பிரதியும் ஒரே திரையில்

‘சட்டம்’ என்ற சொல்லைத் தேடினோம். நாற்பது பக்கத் தமிழ் ஆவணம், தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றது திரை.

“மாமா, இது பழுதா போச்சே?” என்று கேட்டாள் அக்காவின் மகள்.

“டேப்பில பிழை இல்லைப் பிள்ளை. அந்த வரியைக் கொப்பி பண்ணி வேற இடத்தில போட்டுப் பார்.”

போட்டாள். ஆர், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. ஆவணம் பாமினி எழுத்துருவில் அமைந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கத்தைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருக்கிறது. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. யூனிகோடில் ‘சட்டம்’ என்று தட்டித் தேடினால் எப்படி அகப்படும்?

அவள் கொட்டாஞ்சேனையில் இருந்து சட்டக் கல்லூரிக்குப் போய் வருபவள். நான் வெள்ளவத்தையில் இருந்து 101 பஸ்ஸில் புறக்கோட்டையில் இறங்கி, புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடக்கிறவன். பேனாவோடு வந்த 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப் ஒன்றை மூன்று மாதம் இருவரும் மாறி மாறிப் பாவித்தோம். விற்பனைத் தாளில் இருக்கும் மெகாபிக்சல் கணக்கு இங்கே வேண்டாம். தமிழில் சட்டம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது உதவுமா என்பதே எனக்குக் கேள்வி.

முதலில் அளவு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். 11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஏறக்குறைய 150 மில்லிமீற்றர்தான், ஆகவே பக்கம் எழுபது சதவீதமாகச் சுருங்கும். புதிய தீர்ப்புகளை அப்படியே வாசிக்கலாம். என்எல்ஆர் எனப்படும் தீர்ப்பறிக்கைத் தொகுதிகளின் பழைய ஸ்கேன் பிரதிகளில் அடிக்குறிப்புகளைப் பெருப்பித்துத்தான் பார்க்க வேண்டும். எண்பது தொகுதிகளைத் தோளில் சுமக்க முடியாது என்பதால் அந்தக் குறையை நான் பெரிதாக எடுக்கவில்லை. பற்றரி காலை வகுப்பிலிருந்து இரவுப் படிப்பு வரை தாங்கியது. ஜன்னலோர இருக்கையில் திரை கண்ணாடி மாதிரி மினுங்கும், பஸ்ஸில் வாசிப்பதை மறந்துவிடுங்கள். பேனா முதல் வாரம் கண்ணாடி மேல் வழுக்கியது. கடதாசித் தன்மையுள்ள மெல்லிய தாள் ஒன்றைத் திரையில் ஒட்டிய பிறகு கையெழுத்து நேரானது.

இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தந்த இடம் வேறு. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நமது இலங்கை அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும். பிரதிகளுக்கு இடையில் முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்பதைப் பாராளுமன்றம் சட்டம் ஆக்கும்போதே தீர்மானிக்கிறது. அண்மைக்காலச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்துக் கடைசிப் பிரிவுகளைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற கருத்தில் ஒரு வரி அநேகமாக இருக்கும். தமிழ்மொழி மூலம் படிக்கும் மாணவி இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது. உதாரணத்துக்கு, தமிழில் ‘அல்லது’ என்று இருக்கிற இடத்தில் சிங்களத்தில் ‘சஹ’ (மற்றும்) என்று இருந்தால், குற்றத்தின் கூறு ஒன்றா இரண்டா என்பதே மாறிப்போகும். அவள் மனப்பாடம் பண்ணிய தமிழ் வரி அன்றைக்கு அவளைக் காப்பாற்றாது.

ஆகவே திரையை இரண்டாகப் பிரித்தோம். குறுக்காக வைத்து இடமும் வலமும் திறந்தால் எழுத்துகள் எறும்பு மாதிரி ஆகின்றன. நிமிர்த்தி வைத்து, மேலே தமிழ், கீழே சிங்களம் என்று திறந்தால் வரியின் அகலம் குறையாது. ஒரே பிரிவு தமிழில் கூடிய வரிகளை எடுக்கும், அதனால் பக்கங்கள் சேர்ந்து ஓடா. மேலும் கீழும் தனித்தனியே தள்ளித்தான் பிரிவு எண்ணைப் பொருத்த வேண்டும். சிங்களத்தை அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தெரியாத சொல்லுக்கு மேலே பேனாவால் தமிழ்ப் பொருள் எழுதுவாள், பொருந்தாத இடத்தில் சிவப்பு வளையம் போடுவாள். மூன்றாம் வாரத்தில் வேகம் வந்துவிட்டது. இதையே இரண்டு அச்சுப் பிரதிகளை மேசையில் விரித்தும் செய்யலாம், ஆனால் அந்த மேசை கொட்டாஞ்சேனை மாடி வீட்டில் மூன்று பேருக்குப் பொது.

மொழிமூலம் பற்றிய பேச்சு நமக்கு ஓய்ந்த பேச்சல்ல. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. ஆங்கிலம் தெரியாமல் முன்தீர்ப்புகளுக்குள் நுழைய முடியாது என்று சொல்பவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது, அது உண்மையான கவலை. ஆனால் தமிழில் சிந்தித்துப் பதில் எழுதும் பிள்ளைக்கு வாசலை அடைப்பது அதற்கு மருந்தல்ல. மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வசதியைத்தான் கூட்ட வேண்டும்.

சரி, பாமினிக்கு வருவோம். வழி இரண்டு. நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம், அல்லது பக்கத்தைப் படமாக எண்ணி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் செய்யலாம். கூகுள் டிரைவில் பிடிஎஃப்பை ஆவணமாகத் திறந்தால் தமிழை எழுத்தாக்கித் தரும், டெசராக்ட் என்ற திறந்தமூல மென்பொருளுக்கும் தமிழும் சிங்களமும் தெரியும். தேடுவதற்கு இவை போதும். மேற்கோள் காட்டப் போதா. நாங்கள் சோதித்த செயலிகளில் ஒன்று, உட்பிரிவு (அ)வைத் தமிழ் எண் எட்டாக எழுதியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ வந்த அச்சுகளில் தடுமாற்றம் இன்னும் கூட. ஒரு பக்கத்தின் அடிவரியை அந்தச் செயலி முழுதாக விட்டுவிட்டது, அந்த வரியில் ‘ஆகாது’ இருந்தது. தடை ஒன்று அனுமதியாகத் தெரிந்த அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இதைவிடப் பயம் தந்தது உரையாடல் செயலி ஒன்று. வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் கீழ், காணியில் தன் பங்கை விற்க விரும்புபவர் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற உரிமையைப் பற்றித் தமிழில் கேட்டோம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. செயலி அழகான தமிழில் விளக்கி, ஆதாரமாக என்எல்ஆர் தொகுதியும் பக்கமும் வழக்கின் பெயரும் தந்தது. தொகுதியைத் திறந்தோம். அந்தப் பக்கத்தில் வேறொரு வழக்கு. செயலி சொன்ன பெயரில் வழக்கே கிடைக்கவில்லை. “இவ்வளவு வடிவா எழுதியிருக்கே மாமா” என்றாள் பிள்ளை. வடிவாக எழுதியதால்தான் ஆபத்து. நியூயோர்க்கில் இல்லாத வழக்குகளைச் சாட்ஜிபிடியிடம் வாங்கி மனுவில் போட்ட சட்டத்தரணிகளுக்கு 2023 ஜூனில் 5,000 டொலர் தண்டம் விழுந்தது. அவர்கள் அனுபவம் உள்ளவர்கள்.

செயற்கை நுண்ணறிவை ஒதுக்கச் சொல்லவில்லை. நோட்புக் எல்எம் போன்ற கருவியில் நாமே சட்டத்தையும் தீர்ப்பையும் ஏற்றிவிட்டுக் கேட்கலாம். பதிலின் அருகில் சிறு எண் வரும், தொட்டால் அந்தப் பதில் எந்தப் பத்தியில் இருந்து வந்தது என்று காட்டும். அதைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரியும் கொப்பியில் எழுதக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களும் அதே டேப்பில்தான். சென்ற வருடக் கேள்வித்தாள், யாரோ ஒருவரின் கையெழுத்துக் குறிப்பு, வகுப்பின் குரல்பதிவு என்று நாளுக்கு நூறு வரும். பயனுள்ளவைதான், ஆனால் யார் எழுதியது, எந்த ஆண்டுச் சட்டத்துக்கு எழுதியது என்று தெரியாது. திருத்தப்பட்ட பிரிவைப் பழைய குறிப்பில் படித்துப் பரீட்சைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நடக்கும் வழக்கைப் பற்றி முகநூலில் கருத்து எழுதுவதையும் சட்ட மாணவர்கள் தவிர்க்க வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்கென்றே 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. தொழில் விளம்பரத்துக்கும் ஆள்பிடிப்புக்கும் சட்டத்தரணிகளுக்கான 1988ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன, இன்றைக்குப் போடும் பதிவு சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகும் இணையத்தில் இருக்கும்.

யார் வாங்கலாம்? முதலாம் வருடத்தில் அவசரமே இல்லை. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு மேசையும், அச்சுப் பிரதியும், இருக்கிற போனும் போதும். வழக்குகள் குவியத் தொடங்கும்போது வாங்குங்கள், காசு இடம் கொடுத்தால் 12 அங்குலத்துக்கு மேல் பாருங்கள், பிரித்த திரைக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய வித்தியாசம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்கும்போது பேனாவும் உறையும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். கடையிலேயே ஒரு சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் சிங்களப் பிரதியையும் இறக்கி, மேலும் கீழும் திறந்து, கடைசிப் பிரிவு வரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.