வாசலும் கத்தரியும்: நவீனத்துவ இதழ்களின் பெண் ஆசிரியர்கள்

டி. எஸ். எலியட்டின் புருஃப்ராக் கவிதை 1915 ஜூனில் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் அச்சேறியது. ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவல் லண்டன் 'ஈகோயிஸ்ட்'டிலும், அவருடைய 'யுலிசஸ்' 'லிட்டில் ரிவ்யூ'விலும் தொடராக வந்தன. லாங்ஸ்டன் ஹியூஸ் நதிகளைப் பாடிய கவிதையை நியூயார்க்கின் 'கிரைசிஸ்' 1921இல் வெளியிட்டது. இந்த நான்கு இதழ்களிலும், பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போடுவதா வேண்டாமா என்று பார்க்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தார்.

இலக்கிய வரலாறுகள் இந்தக் காலத்தைக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் கடிதங்கள் வழியாகவே சொல்லிப் பழகிவிட்டன. இளம் எழுத்தாளர்களைக் கண்டெடுத்து ஓயாமல் பரிந்துரைத்தவர் அவர், அதில் ஐயமில்லை. ஆனால் பரிந்துரைப்பவருக்கு அச்சகப் பாக்கி கிடையாது. வழக்கு வந்தால் கூண்டில் நிற்க வேண்டியதும் இல்லை. அந்தப் பெண்களைப் பணம் கொடுத்தவர்கள், உபசரித்தவர்கள் என்று ஓரமாக நிறுத்தும்போது, எது நல்ல எழுத்து என்பதற்கு அவர்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது மறைந்துபோகிறது. அந்த அளவுகோல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய பிழைகளும் உண்டு.

ஹாரியட் மன்றோ 1912 அக்டோபரில் 'பொயட்ரி'யைத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. சிகாகோ நாளிதழில் ஓவிய விமர்சகராக இருந்தவர். ஓவியனையும் சிற்பியையும் பரிசு கொடுத்துப் போற்றும் ஊரில் கவிஞனை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. நகரத்துச் செல்வர்களைத் தேடிப் போய், ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டுகள் தருவதாகச் சுமார் நூறு பேரிடம் வாக்கு வாங்கினார். கவிதைக்குச் சன்மானம் தந்தார். எந்தக் கோஷ்டிக்கும் எந்தப் பாணிக்கும் கட்டுப்படாமல் வாசலைத் திறந்தே வைப்போம் என்று இரண்டாம் இதழிலேயே அறிவித்தார். அந்த டிசம்பரில் தாகூர் வந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இன்னும் ஓராண்டு இருந்தது. ஜனவரியில் கவிஞர் எச். டி. வந்தார்.

வாசல் திறந்திருந்தாலும் மன்றோவின் கண் எப்போதும் கூர்மையாக இருந்தது என்று சொல்ல முடியாது. புருஃப்ராக் பிரதியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு தயங்கினார். கடைசியில் இதழின் பின்பக்கங்களில்தான் இடம் கொடுத்தார். வாலஸ் ஸ்டீவன்ஸின் 'சண்டே மார்னிங்' எட்டுப் பகுதிகளாக வந்தது. அவர் போட்டது ஐந்து. தம் முதல் தொகுப்பில் ஸ்டீவன்ஸ் எட்டையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் அந்த வாசல் ஒருவருடைய ரசனையை மட்டும் நம்பி இருக்கவில்லை. அதனால்தான் 'பொயட்ரி' இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அதே சிகாகோவில் 1914இல் மார்கரெட் ஆண்டர்சன் தொடங்கிய 'லிட்டில் ரிவ்யூ' இதற்கு நேர் எதிர். பொதுமக்கள் ரசனையோடு சமரசமே கிடையாது என்பது அதன் கொள்கை. 1916 செப்டம்பரில், தரமான படைப்பு வந்து சேரவில்லை என்று பல பக்கங்களை வெறுமையாகவே விட்டு இதழை வெளியிட்டார் ஆண்டர்சன். பக்கம் நிரப்ப எதையாவது போடுவது ஆசிரியர் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். அதை மறுத்துக் காட்டிய அந்த வெற்றுத்தாள்களை, எழுதப்பட்ட எந்தத் தலையங்கத்தையும்விட உயர்ந்த விமர்சனமாக நான் மதிக்கிறேன்.

அந்த ஆண்டுதான் ஜேன் ஹீப் அவரோடு சேர்ந்தார். 1918 மார்ச் முதல் இருவரும் 'யுலிசஸ்' தொடரை வெளியிட்டார்கள். தபால் துறை சில இதழ்களைப் பறிமுதல் செய்தது. 1920 கோடையில் வந்த ஒரு பகுதி ஆபாசம் என்று ஒழுக்கப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று புகார் செய்ய, 1921 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றத்தில் இருவரும் நின்றார்கள். ஆளுக்கு 50 டாலர் அபராதம். அந்த விசாரணையில் நடந்த ஒன்றை ஆண்டர்சன் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணின் முன்னால் அந்தப் பகுதியை வாசிக்கலாகாது என்று நீதிபதி ஒருவர் தடுத்தாராம். இவர்தான் அதை வெளியிட்டவர் என்று சொன்னதற்கு, அதன் பொருள் இவருக்குப் புரிந்திருக்காது என்று பதில் வந்ததாம். வெளியிட்டதற்காகத் தண்டிக்கவும் வேண்டும், படித்துப் புரிந்துகொண்ட அறிவை மறுக்கவும் வேண்டும் என்றால் எப்படி? இந்தப் பெண்களை வரலாறு நடத்திய விதத்துக்கு அந்த ஒரு நீதிமன்ற அறை போதும்.

லண்டனில் ஹாரியட் ஷா வீவர் இவ்வளவு ஆரவாரம் இல்லாதவர். டோரா மார்ஸ்டன் தொடங்கிய பெண்ணுரிமை இதழ்தான் இரண்டு முறை பெயர் மாறி 1914இல் 'ஈகோயிஸ்ட்' ஆயிற்று. அந்த ஆண்டின் நடுவில் வீவர் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி ஆபாச வழக்கு வந்தால் அச்சிட்டவரும் குற்றவாளி. அதனால் ஜாய்ஸின் நாவலில் சில வரிகளை அச்சகத்தாரே நீக்கினார்கள். வீவர் அச்சகத்தை மாற்றினார். நாவலை நூலாக அச்சிட அந்நாட்டில் ஆள் கிடைக்காதபோது, அமெரிக்காவில் அச்சான தாள்களை வரவழைத்து 1917இல் தாமே வெளியிட்டார். எழுத்தாளன் எழுதியதில் ஒரு வாக்கியமும் குறையக் கூடாது என்பது அவருடைய அளவுகோல்.

மரியன் மூர் அப்படி அல்ல. அவர் கையில் கத்தரி இருந்தது. 1925 முதல் 1929 வரை 'டயல்' இதழை நடத்திய அவர், ஹார்ட் கிரேனின் ஒரு கவிதையைப் பாதிக்கும் மேல் வெட்டித் தலைப்பையும் மாற்றிப் போட்டார். பணமுடையில் இருந்த கிரேன் சம்மதித்துவிட்டு நொந்துபோனார். இது அத்துமீறல்தான். ஆனால் அந்தக் கத்தரி பிறர் கவிதையோடு நின்றுவிடவில்லை. கவிதையைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற கவிதையை 1967இல் மூன்றே வரியாகக் குறைத்தவர் அவர். தம்மிடம் காட்டிய அதே கண்டிப்பைப் பிறரிடமும் காட்டினார். அந்த நேர்மைக்காகவே அவரோடு சண்டை போடத் தோன்றுகிறது.

சினிமாவுக்கென்று பிரைஹர் 1927இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய 'க்ளோஸ் அப்', புவெனஸ் அயர்ஸில் விக்டோரியா ஒகாம்போ 1931 முதல் நடத்திய 'சூர்' என்று இந்த வரிசை நீள்கிறது. ஒகாம்போவுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

இவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜெஸ்ஸி ரெட்மன் ஃபாஸெட். கறுப்பின மக்களின் உரிமை இதழான 'கிரைசிஸ்'ஸுக்கு 1919இல் இலக்கிய ஆசிரியராக வந்தார். மற்றச் சிற்றிதழ்கள் சில ஆயிரங்களைத் தாண்டத் திணறிய காலத்தில் 'கிரைசிஸ்' ஒரு லட்சம் பிரதிகளைத் தொட்டிருந்தது. சமரசம் இல்லை என்று வாசகரை உதறிவிடும் வசதி ஃபாஸெட்டுக்குக் கிடையாது. கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொன்ற லிஞ்சிங் கொலைகளைப் பற்றிய செய்தி வரும் அதே இதழில் கவிதை கவிதையாகவும் நிற்க வேண்டும்; அதைப் படிக்கும் ஆசிரியைக்கும் தொழிலாளிக்கும் அது தங்களுடையதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு கடினமான அளவுகோல் மற்ற எவர் முன்னாலும் இருக்கவில்லை. பத்தொன்பது வயது ஹியூஸை அவர் அந்த அளவுகோலைக் கொண்டுதான் அடையாளம் கண்டார். கவுன்ட்டி கல்லென், ஜீன் டூமர் ஆகியோரின் எழுத்துகளும் அங்கே வந்தன. 1920, 21இல் கறுப்பினக் குழந்தைகளுக்காக 'பிரௌனீஸ் புக்' என்ற மாத இதழின் ஆசிரியப் பணியையும் பெரும்பாலும் அவரே சுமந்தார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றவர் அவர். 1926இல் 'கிரைசிஸ்'ஸை விட்டு வெளியே வந்து பதிப்பகங்களில் வேலை தேடினார். தம் நிறம் இடைஞ்சல் என்றால் வீட்டிலிருந்தே பிரதி பார்த்துத் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு கற்பிக்கப் போனார். அதற்குப் பிறகும் மூன்று நாவல்களை எழுதி வெளியிட்டார். ஆனால் ஓர் இதழின் இலக்கியப் பக்கங்களைத் தேர்ந்து அமைக்கும் வேலையை அமெரிக்கப் பதிப்புலகம் அவருக்கு மறுபடி தரவே இல்லை.