ஓரமாய்ப் போ என்கிறார்கள்

சிவப்பு விளக்கு எரியும்போது சைக்கிளில் போகிறவர்கள் நிற்க வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரே பதில்தான்: நிற்க வேண்டும். வேறு நாடுகளில் இது பல காலமாக நடக்கும் வழக்கு. அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் 1982 முதலே சைக்கிளுக்குத் தனி விதி உண்டு. இன்றைய நிலையில், சிவப்பில் நின்று பார்த்துவிட்டு, குறுக்கே யாரும் வராவிட்டால் போகலாம். பாரிஸில் 2015 முதல், அதற்கான பலகை வைத்த சந்திப்புகளில், நடப்பவர்களுக்கு வழிவிட்டுச் சிவப்பிலும் கடக்கலாம். இந்த வழக்கில் பெண்ணைத் தனியாகப் பேசிய இடம் லண்டன்.

லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் சாலைப் பாதுகாப்புப் பிரிவு தயாரித்த ஓர் உள்ளறிக்கை 2007இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. 1999 முதல் 2004 வரை அந்நகரில் இறந்த பெண் சைக்கிளோட்டிகளில் 86 சதவீதம் பேர் லாரி மோதி இறந்தவர்கள். ஆண்களில் அது 47 சதவீதம். அறிக்கை ஊகித்த காரணம் இது: ஆண்கள் சிவப்பைத் தாண்டி முன்னால் போய்விடுகிறார்கள், பெண்கள் விதியை மதித்து, லாரி டிரைவரின் கண்ணில் படாத இடத்தில் நிற்கிறார்கள், பச்சை விழுந்து லாரி திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

சொன்னபடி கேட்டவள் செத்தாள் என்பதுதான் முதல் வாசிப்பில் மனதைத் தைக்கிறது. அடங்கி நட என்று கேட்டே வளர்ந்த நமக்கு அதை நம்புவது சுலபம். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எண்கள் லாரியைப் பற்றிப் பேசுகின்றன. காரணம் பெண்ணின் குணத்தைப் பற்றிப் பேசுகிறது. இறந்த பெண்களில் எத்தனை பேர் சிக்னலில் நின்றிருந்தார்கள் என்பது இந்தச் சதவீதங்களுக்குள் இல்லை. லாரியின் கோளாறு பெண்ணின் சுபாவமாக எழுதப்பட்டுவிட்டது. இந்த எழுத்துமுறை நமக்குப் புதிதல்ல. அவள் ஏன் அங்கே நின்றாள் என்ற கேள்வியை எத்தனையோ வழக்குகளில் கேட்டிருக்கிறோம்.

எங்கள் தருமபுரிக்கு லாரியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. தொப்பூர் கணவாயின் விபத்துகள் ஊரறிந்தவை. அதே மாவட்டத்தில்தான் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் பிளஸ் ஒன் மாணவிகள் அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. பையனுக்குப் பார் வைத்த சைக்கிள், பெண்ணுக்குப் பார் இல்லாத சைக்கிள் என்று பிரித்துக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அந்தச் சைக்கிள் போகும் ரோட்டைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

சைக்கிளோடு அவளுக்கு ஒரு புத்திமதியும் கிடைக்கிறது: "ஓரமாப் போ." அம்மா சொல்கிறார், டீச்சர் சொல்கிறார், பின்னால் வரும் பைக்காரன் ஹாரனால் சொல்கிறான். சிக்னலில் அந்த ஓரம் என்ன ஆகிறது? இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், "ஃப்ரீ லெஃப்ட்" திரும்ப வருகிறவர்கள் அவளை நகரச் சொல்கிறார்கள். லாரியோ பஸ்ஸோ பக்கத்தில் வந்து நின்றால், உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு அவள் தெரிவதில்லை. இடது திரும்பும் லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அது வெட்டும் இடம்தான் நாம் அவளுக்குக் காட்டிய ஓரம்.

சட்டத்தையும் ஒருமுறை புரட்டலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டியவர் "மோட்டார் வாகனத்தின் ஓட்டுநர்" என்கிறது. இஞ்சின் இல்லாத சைக்கிள் அந்தச் சட்டத்தில் மோட்டார் வாகனம் அல்ல. சைக்கிளுக்கு விதியே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சிவப்பும் பச்சையும் இஞ்சின் வைத்திருப்பவரை நினைத்து எழுதப்பட்டவை. அவளை நினைத்து யாரும் ஒரு வரி எழுதவில்லை. கீழ்ப்படிதலை மட்டும் அவளிடமும் எதிர்பார்க்கிறோம்.

அப்படியானால் அவளும் தாண்டிப் போகட்டும் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். தருமபுரி நான்கு ரோட்டில் நடந்து கடக்கிறவர்கள் யாரென்று பாருங்கள். பூக்கூடைக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி, இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய். சிவப்பு விளக்கு தரும் அந்தச் சில நொடிகள்தான் அவர்களுடைய பச்சை. பஸ்ஸுக்குப் பயந்து கடக்கிறவள் சைக்கிளுக்கும் பயந்து கடக்க வேண்டுமா? தாண்டும் உரிமை கொடுத்தாலும் துணிந்தவருக்குத்தான் அது பயன்படும். ஆண்பிள்ளைத் துணிச்சலை ரோட்டின் இலக்கணம் ஆக்குவதில் பெண்ணியம் ஒன்றும் இல்லை.

ஆகவே என் பதில்: நிற்கட்டும், ஆனால் ஓரத்தில் அல்ல, முன்னால். வண்டிகளின் நிறுத்தக் கோட்டுக்கு முன்னே சைக்கிளுக்கென்று ஒரு கட்டம் போட்டால், டிரைவரின் கண்ணெதிரே அவள் நிற்பாள். அவளுக்குப் பச்சை சில நொடி முந்தி விழுந்தால், லாரி திரும்பும் முன் கடந்துவிடுவாள். பள்ளி விடும் நேரத்திலாவது ஃப்ரீ லெஃப்டை நிறுத்த வேண்டும். லண்டனும் கடைசியில் லாரியைத்தான் திருத்தப் போனது: 2021 மார்ச் முதல், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், டிரைவருக்குச் சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்ற தரத்தை வைத்து அனுமதி பெற்றால்தான் நகருக்குள் ஓட முடியும்.

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் கற்ற பெண்கள், 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்டோராக ஊர்வலம் வந்தார்கள். அன்று ரோடு அவர்களுக்கு ஒதுங்கியது, காரணம் அவர்கள் கூட்டமாக நடுவில் வந்தார்கள். தினமும் தனியாகப் போகும் மாணவிக்கு அந்தக் கூட்டம் துணைக்கு வராது; அவளுக்குத் தரையில் பெயிண்டால் போட்ட ஒரு கட்டம் வேண்டும்.

கல்லூரித் தோழிகளே, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் உங்களை உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள். எடுத்த கையோடு, மேடையில் இருக்கும் அதிகாரியிடம் கேளுங்கள்: "சிவப்பு விழுந்தால் நிற்கிறோம் சார். எங்கே நிற்பது?"