டிரெய்லரில் தப்படிப்பது யார்?

டிரெய்லர் என்றால் பின்னால் இழுபட்டு வருவது. அமெரிக்காவில் முதலில் படம் முடிந்தபிறகே காட்டினார்கள். சனம் எழுந்து போய்விட, முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்க ஊருக்கு அது மாட்டுவண்டியில் வந்தது. இரண்டு பக்கமும் படத்தட்டி, முன்னால் தப்படிக்கிற எங்க சேரி ஆள். கதையைப் பாதியில் அறுத்து ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்னும் நோட்டீசு. இன்றைய டிரெய்லரும் அதே அறுப்புதான்: வெட்டு, இருட்டு, ஓர் அடி, நாயகன் முகம். அந்த அடி பலசமயம் பறையடி. உடம்பைச் சுண்டி இழுக்க அதைவிட்டா வேற என்ன இருக்கு? அடிக்கிற கையை ஒரு நொடி காட்டுவார்கள். முகம் கிடையாது.

தண்டோராவை நிறுத்தச் சொல்லி 2022இல் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. சரிதான். டிரெய்லரில் அது நிற்கவில்லை. பறைச்சத்தம் கேட்டு நாம போய் உட்கார்ந்த படங்கள்ல, அடிச்சவனுக்கு ஒரு பேராவது வச்சிருந்தாங்களான்னு எண்ணிப் பாருங்க.