பெட்டியில் அச்சிட்ட 500

ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் ஒன்றை ஆன் செய்து, திரை வந்த கையோடு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் பத்து, பதினைந்து சதவீத வேலையோடு சும்மா உட்கார்ந்திருக்கும். ரேமிலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். டிஸ்க் என்ற கட்டம் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அப்படி மூச்சு முட்ட அது எவ்வளவுதான் படிக்கிறது என்று பார்த்தால், நொடிக்கு ஒரு எம்பி, மிஞ்சிப்போனால் இரண்டு எம்பி. நொடிக்கு நூறு எம்பி வரை படிக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க் அது. ‘கம்ப்யூட்டர் ஸ்லோ, புதுசு வாங்கிடலாம்’ என்ற முடிவுக்கு வருமுன் இந்த முரணைப் புரிந்துகொண்டால் பெரும் செலவு மிச்சமாகும். வேலை செய்யத் தெம்பில்லாத கணினி அல்ல அது, சாமான் வந்து சேராமல் அடுப்படியில் கைகட்டி நிற்கும் சமையல்காரர்.

கணக்கு எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் தகவல் டிஸ்க்கின் படிக்கும் தலைக்கு நேராக வந்து சேர, சராசரியாக அதில் பாதி ஆகும். அதற்கு முன் அந்தத் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கொரு பத்து மில்லி விநாடி. ஆக ஒரு துணுக்கை எடுத்து வர 16 மில்லி விநாடி; நொடிக்கு அறுபது துணுக்குகள். விண்டோஸ் எழுந்து நிற்கும்போது கேட்பதெல்லாம் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள, டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் துணுக்குகளைத்தான். அறுபதை நான்கால் பெருக்கினால் நொடிக்கு 240 கேபி. அடுத்தடுத்து இருக்கும் கோப்புகளும் நடுநடுவே கிடைப்பதால்தான் அது ஒன்றிரண்டு எம்பி என்று ஏறித் தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. இருப்பதிலேயே மலிவான சாட்டா எஸ்எஸ்டிகூட அதே மாதிரித் துணுக்குகளை நொடிக்கு ஐயாயிரத்துக்குக் குறையாமல் எடுத்துத் தரும். அறுபது எங்கே, ஐயாயிரம் எங்கே! எண்பது மடங்குக்கு மேல்.

இந்த எண்பது மடங்கைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கிங்ஸ்டன் ஏ400 பெட்டியில் நொடிக்கு 500 எம்பி என்றிருக்கும், குருசியல் பிஎக்ஸ்500 பெட்டியில் 540. பெரிய சினிமாக் கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைக்கும் வேகம் அது. ஹார்ட் டிஸ்க்கின் நூறோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குதான். சரக்கின் உண்மையான சிறப்பை மறைத்து, சாதாரணமானதை முழங்கும் விளம்பரம் இதைப்போல் வேறு இருக்குமா தெரியவில்லை. விளைவு, வாங்குபவர்கள் 500க்கும் 560க்கும் நடுவே தராசு பிடித்து, அந்த 60க்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். உண்மையில் இன்னும் பழைய மதர்போர்டு பலவற்றில் இருப்பது இரண்டாம் தலைமுறை சாட்டா இணைப்பு. அதில் எதைச் செருகினாலும் 300ஐத் தாண்டாது. ‘அப்படியென்றால் என் கணினியில் எஸ்எஸ்டி போட்டு என்ன பயன்’ என்று கேட்பவர்களும் உண்டு. சிதறிய துணுக்குகளைப் படிக்கும்போது மலிவான எஸ்எஸ்டி தருவது நொடிக்கு 20, 30 எம்பிதான். 300 எம்பி போகும் குழாயில் அது தாராளமாகப் போகும். பழைய கணினிக்கு மலிவான எஸ்எஸ்டி போதும் என்று சொல்வது சமாதானத்துக்காக அல்ல. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கான வேலையே அங்கே இல்லை.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு எஸ்எஸ்டிகளிலும் டிராம் என்ற வேக நினைவகம் கிடையாது. எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற பேரேட்டை விலை கூடிய எஸ்எஸ்டிகள் டிராமில் விரித்து வைத்திருக்கும். இவை ஃபிளாஷிலேயே வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கும். அடுத்து, ஒரு செல்லில் மூன்று பிட்டோ நான்கு பிட்டோ திணிக்கும் ஃபிளாஷ் மெதுவாகவே எழுதும். அதை மறைக்க, காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதியை செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் தற்காலிகமாக எழுதிவைத்து, பிறகு சாவகாசமாக அடுக்கிக்கொள்ளும். ஐம்பது ஜிபி கல்யாண வீடியோவை ஒரேயடியாகக் காப்பி செய்யுங்கள், குட்டு வெளிப்படும்: முதலில் சில ஜிபி வரை 400ஐத் தொட்டு ஓடிக்கொண்டிருந்த வேகம் சட்டென்று 100க்கும் கீழே விழலாம். தினமும் வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர் இதை வாங்கினால் நொந்துபோவார், அவருக்கு டிராம் உள்ளதுதான் சரி. பில் போடுவது, பாடம் படிப்பது, பிரௌசரில் மேய்வது என்றிருப்பவர் ஒரே மூச்சில் ஐம்பது ஜிபி எழுதும் நாள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரலாம். ஆனால் டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பினால் இந்தத் தந்திரத்துக்கே இடமிருக்காது. ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டுவைப்பது நல்லது. 120 ஜிபியை விட்டுவிட்டு 240க்குப் போங்கள் என்று சொல்வதும் அதனால்தான்.

எழுத எழுதத் தேய்ந்துபோகுமே என்ற பயம் பழையது. 240 ஜிபி அளவில் இந்த இரண்டு நிறுவனங்களுமே கொடுக்கும் கணக்கு 80 டெராபைட். தினம் 20 ஜிபி எழுதினாலும், வீட்டில் அவ்வளவு எழுதுவதே அபூர்வம், 80 தீர பதினோரு வருடம் ஆகும். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடி மூடியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்துக்குள் நான்கு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். கனெக்டரிலிருந்து மேலே நெம்பாமல் பக்கவாட்டில் நேராக இழுக்க வேண்டும். எஸ்எஸ்டிக்கும் அதே கனெக்டர், அதே ஸ்க்ரூ ஓட்டை. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்; அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் அது ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டமோ, மடித்த அட்டையோ போதும். டெஸ்க்டாப்பில் பொருத்த இடமில்லாவிட்டால் இருபக்க டேப் போட்டு ஒட்டிவிடலாம். உள்ளே எதுவும் சுற்றுவதில்லை, அதிர்வு பற்றிக் கவலையில்லை. பயாஸில் சாட்டா ‘ஐடிஇ’ என்றிருந்தால், விண்டோஸ் போடுவதற்கு முன்பே ‘ஏஹெச்சிஐ’ என்று மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யலாம்தான். பல வருடக் குப்பையை மூட்டை கட்டிப் புதுவீட்டுக்கு ஏற்றிப் போவதைவிட, புதிதாக விண்டோஸ் போடுவதே மேல் என்பது என் கட்சி.

ரேமைக் கூட்டினால் போதாதா என்பது நியாயமான கேள்வி. 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் எஸ்எஸ்டி மட்டும் அற்புதம் செய்யாது, ரேமும் வேண்டும். 4 ஜிபி என்றால் முதலில் எஸ்எஸ்டிதான். ரேம் தீரும்போது விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தும். ஹார்ட் டிஸ்க்கில் அது உறைந்து நிற்கிறது, எஸ்எஸ்டியில் லேசாகத் தயங்கிவிட்டு நகர்கிறது. ரேமைக் கூட்டுவதால் கணினி எழுந்திருக்கும் நேரமோ அவ்வளவாகக் குறையாது. எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் இருக்கிறது. பலவீனமான பிராசஸரில் திக்கித் திணறும் யூடியூப் வீடியோ அப்படியேதான் திணறும். விளையாட்டுகளின் வேகமும் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதற்கு மருந்து எஸ்எஸ்டி அல்ல, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து, இன்று பரணில் கிடக்கும் லேப்டாப்களுக்கும் எஸ்எஸ்டி, லினக்ஸ் என்ற இந்தக் கூட்டணி பொருந்தும். அவற்றில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் தரும் ஆட்சேபம் வேறு. ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று ஓடும், இன்று பயாஸிலேயே தெரியாது. தவறுதலாக அழித்த கோப்பும், அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடிவிட்டால் அநேகமாகத் திரும்பாது. மின்சாரமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த எஸ்எஸ்டியிடம் தொழில்துறைத் தரவிதி எதிர்பார்ப்பது 30 டிகிரி வெப்பத்தில் ஒரே வருடம். நம் ஊர்ப் பரண் 30 டிகிரியில் இருப்பதில்லை. அதனால் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல், யுஎஸ்பி உறை ஒன்றை வாங்கி அதில் போட்டு, போட்டோக்களுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறையின் விலையையும் சேர்த்தே எஸ்எஸ்டியின் விலை என்று கொள்ள வேண்டும்.

விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு 2025 கடைசி சாதகமாக இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டதில் விலை ஏறியது. குருசியல் பெயரில் சில்லறை விற்பனையை நிறுத்துவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. தட்டுப்பாடு வந்தால் போலியும் கூடவே வரும். பெயர் தெரியாத 2 டிபி எஸ்எஸ்டி, பெயர் தெரிந்த 240 ஜிபி விலைக்குக் கிடைக்கிறதென்றால், உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருந்தாலும் ஆச்சரியமில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘பவர் ஆன் அவர்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள். புதியதில் அது பூச்சியத்தை ஒட்டியிருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.